பொம்பா அண்ணன் பதில்கள்

போன இதழில் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, பாதித் தோசையில் எழுந்து ஓடிய கதையைப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். மலேசியாவின் பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில், எங்கள் கம்பத்து, அதாவது கிராமத்து, பொம்பா சுக்காரெலாவில், அதாவது தன்னார்வத் தீயணைப்புப் படையில், 17 வருடமாக இருக்கிறேன் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். மருமகள் பிரச்சினை எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், மருமகள் எங்கும் போய்விட மாட்டார்.

பொம்பா என்றால் அரசாங்க வேலை. சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கும்போது நீங்கள் ஏன் அண்ணே ஓடுகிறீர்கள்? எவ்வளவு கொடுக்கிறார்கள்?
*வாசகி, சுங்கை பாக்காப்*

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சம்பளம் கிடையாது. கூப்பிட்டுப் போனால் சின்னதாக ஓர் அலவன்ஸ் உண்டு, அதில் மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றலாம், வீட்டுக் கடன் கட்ட முடியாது. நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர், சோறு அங்கிருந்துதான்.

நம் நாட்டில் பொம்பா தொடங்கியதே இப்படித்தான், தெரியுமா? 1881 ஜனவரியில் கோலாலம்பூரில் பெரிய தீ. அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக இருந்த ஊர், சாம்பலாகிவிட்டது. அதே வருடக் கடைசியில் வெள்ளம் வேறு. அதன்பிறகுதான் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார்கள், அந்தச் செங்கல் சுட்ட இடம்தான் இன்றைக்கு நாம் வாழை இலையில் சாப்பிடப் போகிற பிரிக்பீல்ட்ஸ். 1883-ல் சிலாங்கூர் தன்னார்வத் தீயணைப்புப் படை என்று ஒன்று எச்.எஃப். பெல்லமி தலைமையில் அமைந்தது, மொத்தம் 15 பேர். இன்றைய பெரிய சிவப்பு வண்டிகளுக்கெல்லாம் தாத்தா அந்த 15 பேர்தான். எனவே நாங்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் இல்லை.

சரி, ஏன் ஓடுகிறோம்? எங்கள் கம்பத்திலிருந்து பெரிய நிலையம் 14 கிலோமீட்டர். வழியில் சமிக்ஞை விளக்குகள், பள்ளிக்கூடம் விடுகிற நேரமென்றால் கேட்கவே வேண்டாம். அவர்கள் கெட்டிக்காரர்கள், எங்களுக்குப் பயிற்சி கொடுப்பதே அவர்கள்தான், வந்து சேர்ந்ததும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் சொல்வதைத்தான் செய்கிறோம். ஆனால் அவர்கள் வர வேண்டும், நாங்கள் ஏற்கனவே இங்கே இருக்கிறோம்.

இருப்பது என்று சொல்கிறேனே, அது தூரக் கணக்கு மட்டும் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பலகை வீட்டில் தீ. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார், மனைவி பிள்ளைகளை அழைத்துவரப் பள்ளிக்கூடம் போயிருந்தார், வாசலில் கூடியிருந்த எல்லோரும் வீட்டில் யாரும் இல்லை என்றே சொன்னார்கள். எங்களில் ஒருவர் மோட்டாரில் காய்கறி விற்பவர். அவர் மட்டும், "இல்லை, பின்னறையில் பாட்டி இருப்பார்" என்றார். எப்படித் தெரியும்? எப்போதும் ஒரு கட்டுக் கீரை வாங்குகிற அந்தப் பெண் அன்று காலை இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கியிருக்கிறார், ஈப்போவிலிருந்து மாமியார் வந்திருக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறார். பின்பக்கச் சன்னல் கம்பியை அறுத்து பாட்டியை வெளியே கொண்டுவந்தோம். காது கேட்காது அவருக்கு, கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார், கையில் வெற்றிலைப் பெட்டி. முன்னறை முழுக்கப் போய்விட்டது, சமையலறை பாதி மிஞ்சியது. அந்தக் கீரைக் கட்டு இரண்டும் தொட்டியில் அப்படியே கிடந்ததைப் பார்த்தேன்.

தீ தினமும் பிடிக்காதே. மற்ற நாட்களில் கேரம் விளையாடுவீர்களோ?
*குறும்புக்கார வாசகர், பட்டர்வொர்த்*

விளையாடுவோம், தம்பி. போர்டும் இருக்கிறது, பவுடரும் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு வந்து பார். முதலில் வண்டியை உயிர்ப்பிக்க வேண்டும். எங்கள் வண்டி ஜப்பானில் ஓய்வுபெற்று இங்கே வந்தது, நன்கொடைப் பணத்தில் வாங்கியது, கதவுக்குள் ஜப்பானிய எழுத்தில் ஏதோ எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது, இன்றுவரை எங்களில் யாருக்கும் அது என்ன என்று தெரியாது. எதைத் தொடக் கூடாதோ அதைத்தான் வாரா வாரம் தொட்டுக்கொண்டிருக்கிறோமோ என்னவோ. அப்புறம் பம்பை ஓட்டிப் பார்ப்பது, பேட்டரி, டயர், மூச்சுக் கருவியின் காற்று அளவு.

அதற்கப்புறம் ஹோஸ். ஒரு தீக்குப் போய்வந்தால் சேறும் கரியுமாக வரும், கழுவி, தண்ணீர் வடியவிட்டு, காயவைத்து, சுற்ற வேண்டும். மடித்த இடத்திலேயே மறுபடி மடித்தால் அந்த மடிப்பில்தான் ஒருநாள் வெடிக்கும், அதனால் பயன்படுத்தாத ஹோஸையும் அவ்வப்போது பிரித்து வேறு இடத்தில் மடிப்பு விழும்படி சுற்றுவோம். பட்டுப்புடவையை அம்மா மடிப்பு மாற்றி மாற்றி வைப்பாரே, அதே சங்கதி. புதிதாகச் சேர்கிற பையன்கள் தலைக்கவசம் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளத்தான் வருகிறார்கள், மூன்று ஞாயிறு ஹோஸ் கழுவவிட்டால் யார் நிற்பார், யார் நிற்கமாட்டார் என்று தெரிந்துவிடும்.

தீ இல்லாத அழைப்புகள்தான் அதிகம். சாலையில் விழுந்த மரம், கிணற்றில் விழுந்த ஆடு, மழைக்குச் சமையலறைக்குள் வந்த மலைப்பாம்பு, வெள்ளத்தில் வெளியே வரமாட்டேன் என்று மேசைமேல் உட்கார்ந்திருக்கும் தாத்தா. விரலில் மாட்டிய மோதிரம் தனிக் கதை. திருமணத்துக்கு முன் போட்ட மோதிரம், பத்து வருட நாசி கண்டார் சோறு உடம்பில் ஏறிய பிறகு கழலுமா? விரல் நீலம் பாரித்து வருவார்கள். நூல்தான் முதல் வைத்தியம். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மறுமுனையால் மோதிரத்துக்கு மேலே, நகத்தின் பக்கமாக, விரலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போய், சோப்புத் தடவி, அடிமுனையைப் பிடித்துப் பிரித்தால் மோதிரம் சுற்றுச் சுற்றாக ஏறி வந்துவிடும். வராவிட்டால்தான் அறுப்பது. ஒருமுறை ஒரு மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முந்தின இரவு வந்தார், நிச்சயதார்த்த மோதிரம், அறுக்கக் கூடாது என்று கண்ணீர். 40 நிமிடம் ஆனது. தாலி கட்டும்போது அந்த மோதிரம் சுண்டுவிரலுக்கு மாறியிருந்தது.

எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) தீ பிடித்தபோது பொம்பா வண்டி வந்தும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. தண்ணீர் இல்லாமலா வண்டியை எடுத்து வருவார்கள்?
*கோபத்தில் ஒரு வாசகர், பிறை*

கோபம் புரிகிறது. ஆனால் ஒரு கணக்கு போடுங்கள். வண்டித் தொட்டியில் 2,000 லிட்டர் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு 400 லிட்டர் இழுத்தால் ஐந்து நிமிடம். இரண்டு ஹோஸ் என்றால் இரண்டரை. தொட்டித் தண்ணீர் என்பது உள்ளே ஆள் இருந்தால் முதல் அடி அடிக்கத்தான், அதற்குள் பிலி பொம்பாவில், அதாவது சாலையோரத் தண்ணீர்க் குழாயில், இணைப்புக் கொடுத்தாக வேண்டும். அந்தக் குழாய்மேல்தான் யாரோ ஒருவர் தன் புதுக் காரை நிறுத்தியிருப்பார். இல்லையென்றால் அதைச் சுற்றிச் சிமெண்டு பூசிப் பூச்செடி வைத்திருப்பார்கள். உங்கள் தாமானில் குழாய் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? இன்று சாயங்காலம் நடக்கும்போது தேடிப் பாருங்கள்.

கம்பத்தில் குழாயே இல்லாத இடங்களும் உண்டு. அங்கே குளம், கால்வாய், பழைய ஈயச்சுரங்கக் குட்டை எதிலிருந்தாவது உறிஞ்ச வேண்டும். பம்பு தண்ணீரைப் பிடித்து இழுப்பதில்லை, உள்ளே இருக்கும் காற்றைத்தான் அகற்றுகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதனால் ஓர் அளவுக்கு மேல் எந்தப் பெரிய பம்பாலும் முடியாது, கணக்குப்படி பத்து மீட்டருக்குச் சற்று மேல், நடைமுறையில் ஏழு மீட்டரைத் தாண்டினாலே திணறும். கரை உயரமாக இருந்தால் குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் உபயோகமில்லை.

என் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த இரண்டாம் வருடம், உறிஞ்சு குழாயைக் குளத்தில் இறக்குகிற வேலை என்னுடையது. அவசரத்தில் கரையோரமாகவே போட்டுவிட்டேன். ஆகாயத்தாமரை வேரும் ஒரு பிளாஸ்டிக் பையும் வடிகட்டிக் கூடையை அடைத்துக்கொண்டன, பம்பு இருமிவிட்டு நின்றது. முன்னால் ஹோஸ் பிடித்திருந்தவர்கள் கையில் வெறும் துணி. கூட்டம் கத்திய கத்தலை இங்கே எழுத ஆசிரியர் விடமாட்டார். மறுபடி ஆழத்தில் இறக்கித் தண்ணீர் வர எத்தனை நிமிடம் ஆனது என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. எரிந்தது கோழிக்கொட்டகை, கோழிகள் ஏற்கனவே வெளியே. அன்றிலிருந்து எந்தக் குளத்தைக் கடந்தாலும் கரை எங்கே, ஆழம் எங்கே, வண்டி எதுவரை போகும் என்றுதான் கண் தேடுகிறது. குடும்பத்தோடு சுற்றுலா போனாலும் அதே. என் மகள் சிரிப்பாள்.

தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது எண்ணெய்ச் சட்டியில் தீ பிடித்து, வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றப் போனார். நான் தடுத்தேன். யார் செய்தது சரி?
*வாசகி, ஜார்ஜ்டவுன்*

நீங்கள்தான் சரி அம்மா, இதை வெட்டி அவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகும், ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும், அது எரிகிற எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும். அடுப்பை அணையுங்கள், தட்டையான மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள், அப்படியே விடுங்கள். பத்து நிமிடம் ஆனதே என்று திறந்து பார்க்காதீர்கள், சூடு ஆறாமல் காற்றுப் பட்டால் மறுபடி பற்றும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவே கூடாது. கேஸ் கசிகிற வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடுதான் தங்கும், கதவைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கிரில். நம் வீடுகளில் வாசலுக்கு இரும்புக் கிரில், சன்னலுக்குக் கிரில், எல்லாவற்றிலும் பூட்டு. திருடனுக்குப் பயந்து நாமே நம்மைப் பூட்டிக்கொள்கிறோம். இரவு இரண்டு மணிக்குப் புகையில், மின்சாரம் போன இருட்டில், சாவி எங்கே? அப்பா சட்டைப்பையில், இல்லை சாமி மேடையில், இல்லை நேற்றுப் போட்ட கால்சட்டையில். கிரிலுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத தூரத்தில், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்துச் சாவியை அதிலேயே மாட்டுங்கள். ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் தடவிப்பார்த்துத் திறந்து பாருங்கள். விளையாட்டு மாதிரிதான், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

உங்கள் படையில் நம்மவர்கள் எத்தனை பேர்? சீனர்களோடு எப்படி ஒத்துப்போகிறது?
*வாசகர், புக்கிட் மெர்தாஜாம்*

நாங்கள் நான்கு பேர். மலாய்க்காரர்கள் ஆறு பேர், மீதி எல்லாம் சீனர்கள். காரணம் இருக்கிறது. எங்கள் படை இருப்பது ஒரு சீனப் புதுக்கிராமத்தில். பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்டு கெரில்லாக்களோடு சண்டையிட்ட அவசரகால நாட்களில், 1950-ல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, மக்களைக் காட்டோரத்திலிருந்து பெயர்த்து வேலிக்குள் நெருக்கி வைத்த கிராமங்கள். பலகை வீடு, ஒட்டி ஒட்டி, ஒன்று பிடித்தால் வரிசையே போகும். பக்கத்து வீட்டுத் தீ என் வீட்டுத் தீ என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

நமக்கும் அது தெரியாததில்லை. நான் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். ரப்பர் சீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கிற புகைக்கொட்டகை ஒருநாள் ராத்திரி பற்றிக்கொண்டது, கோயில் மணியை விடாமல் அடித்தார்கள், லயம் முழுக்க வாளியோடு ஓடியது, பால் வாளி உட்பட. என் அப்பா வரிசையில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது, நிக்கர்கூடச் சரியாகப் போடவில்லை பாவம். தோட்டத்தை விற்று வீடமைப்பு வந்தது, ஆளுக்கொரு பக்கம் போனோம், வாளி வரிசை கலைந்துவிட்டது. தாமானில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாத நம்மவர்கள் எத்தனையோ பேர். இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

ஒத்துப்போவது பற்றி. சேர்ந்த புதிதில் எனக்கு ஹொக்கியனில் தெரிந்தது 'சியா பா பொய்', பசியாறியாச்சா என்கிற ஒன்றுதான். முதல் தீயில் 'சுய்! சுய்!' என்று ஒருவர் கத்துகிறார், நான் திருதிருவென்று நிற்கிறேன். சுய் என்றால் தண்ணீர். இப்போது ஹொக்கியனில் வசவு உட்பட எல்லாம் தெரியும், அவர்களும் 'தண்ணி விடு' என்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை நன்கொடைக்காக மேசை போட்டு விருந்து. நான் வெள்ளிக்கிழமை சைவம், விருந்து வெள்ளியில் விழுந்த வருடம், எதுவும் சொல்லாமலே எனக்கும் இன்னொரு நம்மவருக்கும் தனி மேசை, புது வாணலியில் சமைத்தது என்று சமையல்காரர் வாணலியையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். மலாய் நண்பர்களுக்கு ஹலால் சாப்பாடு வெளியிலிருந்து தனியாக வரும்.

அவரவர் பண்டிகைக்கு மற்றவர்கள் காவல் என்பது எங்களில் எழுதாத சட்டம். தீபாவளி ராத்திரி நாங்கள் நால்வரும் வீட்டில் இருப்போம், அவர்கள் எங்கள் வண்டிக் கொட்டகையில் முறுக்கு தின்றுகொண்டு காத்திருப்பார்கள். சீனப் பெருநாளின் எட்டாம் நாள் இரவு, ஹொக்கியன்காரர்கள் கரும்பு கட்டிப் படையல் வைத்து வெடி கொளுத்துகிற ராத்திரி, நாங்களும் மலாய்க்காரர்களும். அவர்களுடைய ஏழாம் மாதம், நாம் பேய் மாதம் என்போமே, அதில் பேய்களுக்கு அரசனான தாய் சூ யாவின் உருவத்தைத் திடலில் எரிக்கும்போது வண்டியோடு நிற்போம். மூங்கிலும் காகிதமும், பற்றினால் நிமிடத்தில் வானம் சிவக்கும், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

என் அக்கா மகள் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அவள் கணவரும் தன்னார்வத் தீயணைப்பில் இருக்கிறாராம். அங்கேயுமா இப்படி?
*வாசகி, பாலிக் புலாவ்*

அங்கே இதுதான் வழக்கமே. பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-ல் பிலடெல்பியாவில் ஒரு தன்னார்வப் படை தொடங்கினார், இன்றைக்கும் அந்த நாட்டுத் தீயணைப்பு ஆட்களில் பாதிக்கு மேல் தன்னார்வலர்கள்தான், சின்ன ஊர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே. விவசாயி, மெக்கானிக், வாத்தியார் எல்லாம் இருப்பார்கள். வண்டி வாங்கக் காலைப் பசியாறல் விற்பார்கள், கோழி சுட்டு விற்பார்கள், நாம் கோயிலுக்கு நாசி லெமாக் விற்று நிதி திரட்டுவதுபோல. குழாய் இல்லாத இடத்தில் தார்ப்பாயால் ஆன மடக்குத் தொட்டியைச் சாலையில் விரித்து, லோரிகள் மாறி மாறித் தண்ணீர் கொண்டுவந்து கொட்ட, பம்பு அதிலிருந்து உறிஞ்சும். அந்தத் தொட்டியைப் பற்றி மருமகனிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள், எங்களுக்கு ஒன்று வேண்டும்.

மகன் நான்காம் படிவம் படிக்கிறான். சேரவேண்டும் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.
*ஒரு தாய், நிபோங் திபால்*

பள்ளியில் கடெட் பொம்பா, அதாவது மாணவர் தீயணைப்புப் படை, இருந்தால் இப்போதைக்கு அதில் சேரட்டும். வயது வந்ததும் பக்கத்து நிலையத்தில் கேட்கலாம். பயப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். 2018 அக்டோபர் 3 அன்று பூச்சோங்கில் ஒரு சுரங்கக் குட்டையில் விழுந்த பையனைத் தேடப்போன நீர் மீட்புக் குழுவினர் ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், முழுநேர வேலைக்காரர்கள். அன்று ராத்திரி எங்கள் கொட்டகையில் கேரம் போர்டை யாரும் எடுக்கவில்லை. பயப்படுகிற பையன்தான் எங்களுக்கு வேண்டும், போகாதே என்றால் நிற்பான். பயமே இல்லாதவனை ஹோஸ் கழுவத்தான் விடுவோம்.

எங்கள் வீட்டுக்காரரும் உங்களைப்போல ஒரு படையில் இருக்கிறார். புகை வாடை துணியில் போகவே மாட்டேன் என்கிறது. என்ன போட்டுத் துவைப்பது?
*வாசகி, சிம்பாங் அம்பாட்*

வாடை போவது இருக்கட்டும், முதலில் அந்தத் துணியை வீட்டுத் துணியோடு போடாதீர்கள். அந்தக் காலத்தில் கரி பூசிய சட்டைதான் எங்களுக்குப் பெருமை, கழுவாமலே மாட்டி வைப்போம். 2022-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வேலையையே புற்றுநோய் வரவைக்கும் பட்டியலின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. இப்போது எரிவது வெறும் பலகையா? மெத்தை, டிவி, பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாம்.

வெளியங்கியைக் கொட்டகையிலேயே கழற்றச் சொல்லுங்கள், வீட்டுக்கோ காருக்குள்ளோ கொண்டுவர வேண்டாம். உள்ளே போட்ட சட்டையைப் பையில் கட்டி, தனியாக, இரண்டு தடவை துவையுங்கள். குழந்தையைத் தூக்குவதற்கு முன் குளிக்க வேண்டும், நகக்கண், காது மடலின் பின்பக்கம், கழுத்து எல்லாம் தேய்த்து. என் வீட்டில் கொல்லைப்புறக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளியும் ஒரு பழைய கைலியும் எப்போதும் இருக்கும். எத்தனை மணிக்கு வந்தாலும் நான் அந்த வழியாகத்தான் உள்ளே போக முடியும், முன்வாசல் கிரிலை மனைவி திறக்கமாட்டார், சாவி ஆணியில்தான் தொங்குகிறது என்றாலும்.